மூலத்தில் இல்லாத மூன்று வரிகள்

"புரட்சி தொடங்கிய எட்டாவது மாதத்தில் கமா நாட்டிடம் சொந்தமாக ஒரு கப்பல்கூட இல்லாதபோது கமா கப்பலில் போய்க் கரையில் இறங்கிச் சண்டையிட இரண்டு பட்டாளம் திரட்டுவது என்று பேரவை முடிவெடுத்தது முற்றுப்புள்ளி."

சின்னவள் மூச்சு விட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் சிவப்புப் பேனா அச்சான தாளின் மேல் வரிவரியாக ஊர்ந்து, முற்றுப்புள்ளியில் வந்து நின்றது.

"ம். மேல."

அப்பாவுக்கு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. அங்கே எல்லாரும் அவரைத் 'திருத்தம் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவசர வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமையும் தாள்கள் வீட்டுக்கு வந்துவிடும். முன்பு அண்ணன் வாசித்தான்; இப்போது ஆசிரியர் எழுதிய மூலப்பிரதியைச் சின்னவள் உரக்க வாசிக்க வேண்டும். கமா, புள்ளி, மேற்கோள், அடைப்புக்குறி ஒன்று விடாமல் வாயால் சொல்ல வேண்டும். அச்சான தாளில் அது அப்படியே இருக்கிறதா என்று அப்பா பார்ப்பார். இல்லாததை ஓரத்தில் எழுதுவார், அதிகமாக இருப்பதை அடிப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பாவுக்கு வாசிக்கிற விஷயம் ஒன்றும் மண்டையில் ஏறாது. எழுத்தும் புள்ளியும் மட்டும் ஏறும். இதய நோயைப் பற்றி அறுநூறு பக்கப் புத்தகம் ஒன்றை மூன்று முறை திருத்தியவர், தனக்கு நெஞ்சு வலி வந்தபோது வாயு என்று சொல்லிச் சுக்குத் தண்ணீர் கேட்டார். அம்மா நர்ஸ் என்பதால் பிழைத்தார்.

"என்ன எழுதியிருக்குங்கறது எழுதினவன் கவலை. எழுதினது அப்படியே வந்திருக்காங்கறது என் கவலை" என்பார். "அர்த்தத்துல புத்தி போச்சுன்னா கண்ணு வழுக்கிடும்."

இன்றைக்கு வந்திருப்பது மரைன் என்கிற அந்தக் கரையிறங்கும் படையின் வரலாறு. ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் எழுதியது. அவர் கையெழுத்து, நண்டு ஓடிய மணல். முதல் அத்தியாயம் படை பிறந்த கதை. மாலை ஐந்து மணிக்கு அச்சக ஃபோர்மேன் வந்து தாள்களை வாங்கிக்கொண்டு போவார்.

மேஜரின் காகிதக் கட்டுக்கு அடியில், அகராதிக்குள், சின்னவளின் படிவம் இருந்தது. அதே மரைன் படையின் படகு எஞ்சின் பள்ளிக்கு. வருஷத்துக்கு நாற்பது பேரை எடுப்பார்கள். நீச்சல் தேர்வில் தேறியவர்களுக்குத்தான் படிவமே கொடுப்பார்கள். பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு அம்மா அப்பா இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குள் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அம்மா வியாழக்கிழமையே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"அவர்கிட்ட நீயே சொல்லிக்கோ" என்று அப்போதே சொன்னாள். "நான் சொன்னா, நான்தான் தூண்டி விட்டேன்னு சாகற வரைக்கும் சொல்லிக்காட்டுவாரு."

சொல்வதற்குச் சின்னவள் என்னதான் செய்யவில்லை? வெள்ளிக்கிழமை அப்பா பல் துலக்கும்போது போய் நின்றாள். வாயில் நுரையோடு 'அப்புறம்' என்று கை காட்டினார். சனிக்கிழமை பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள். வழியில் தொங்கிய விளம்பரப் பலகையில் அப்பா ஒரு பிழையைக் கண்டுபிடித்து, கடைக்காரரைக் கூப்பிட்டு, பஸ்ஸையும் விட்டார். இன்று காலை முதல் மூன்று முறை ஆரம்பித்துவிட்டாள்.

முதல் முறை: "அப்பா, ஒரு விஷயம்..."

"வாசிக்கும்போது இடையில பேசாத. மூலத்துல இருக்கறது மட்டும்தான் வாயில வரணும்."

இரண்டாம் முறை, பக்கம் திருப்பும்போது: "அப்பா, நாளைக்குக் காலையில..."

"நாளைக்கு நாளைக்கு. இப்ப பக்கம் ஏழு."

மூன்றாம் முறை, டீ கொடுக்கும்போது. டீயை வாங்கிக்கொண்டார். விஷயத்தை வாங்கவில்லை.

"பாப்பா, டீ ஆறுறதுக்குள்ள இந்தப் பத்தியை முடிச்சிடலாம்."

பாப்பா! பதினேழு வயது. மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டாரைத் தனியாகப் பிரித்து மாட்டுகிறவள். பள்ளிக்கூடத்துக்கு வந்த சீருடைக்காரம்மா, 'எஞ்சின்னா பயம் இல்லாதவங்க யாரு?' என்று கேட்டபோது கை தூக்கிய ஒரே பெண். அவள் இந்த வீட்டில் பாப்பா. கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இந்த மனிதரிடம் ஒரு சொல்லை உள்ளே செலுத்த முடியாது.

அவள் வாசித்தாள். பேரவையில் இருந்தவர்கள் யாரும் கடலில் போனதே இல்லை. ஒருவர் வக்கீல், ஒருவர் மெழுகுவர்த்தி வியாபாரி, மற்றவர்கள் நிலக்காரர்கள். முதல் தளபதியாக ஒரு சாராயக்கடைக்காரரைப் போட்டார்கள். துறைமுகத்தில் சும்மா திரிகிற இளவட்டம் முழுக்க அவருக்குப் பழக்கம். கப்பல் இல்லாததால் மாவுக் கிடங்கின் தரையில் சாக்கட்டியால் கப்பல் வரைந்து, அதற்குள் நின்று பயிற்சி செய்தார்கள். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தவன் கடலில் விழுந்தவனாகக் கணக்கு. அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடையாது.

வேறு நாளாக இருந்தால் சின்னவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் 'சாக்கட்டி'யில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, எதிரியின் கொடியைப் பிடுங்கியவர் போல மகிழ்ந்துகொண்டிருந்தார்.

அடுத்த பக்கத்தில் முதல் சண்டை வந்தது. இரவல் வாங்கிய கப்பல்கள். எதிரியின் தீவு. படகுகள் கரையை நெருங்க முடியாமல் முன்னாலேயே நின்றுவிட, வீரர்களைத் தண்ணீரில் குதிக்கச் சொன்னார்கள்.

"தண்ணீர் கழுத்தளவு என்று நினைத்தார்கள் முற்றுப்புள்ளி பல இடங்களில் அதற்கும் மேல் இருந்தது முற்றுப்புள்ளி பதினொரு பேர் மூழ்கினர் முற்றுப்புள்ளி மற்றபடி இறங்குதல் வெற்றிகரமாக நடந்தது முற்றுப்புள்ளி."

"ம். மேல."

அவளுக்கு மேலே போகவில்லை. மற்றபடி! பதினொரு பேர் போன பிறகு ஒரு 'மற்றபடி'. இந்த மேஜருக்கு அது ஒரு சொல். அப்பாவுக்கு அது ஐந்து எழுத்து. அவள் கண் மட்டும் 'பதினொரு' என்ற சொல்லுக்கே திரும்பிப் போனது.

"பாப்பா, தூங்கிட்டியா? மேல."

மூலத்தில் இருப்பது மட்டும்தானே வாயில் வர வேண்டும்? சரி. வாசிக்கிற குரலிலேயே, கண்ணைக் காகிதத்தை விட்டு எடுக்காமல், அவள் சொன்னாள்:

"இந்த வீட்டில் இருக்கும் பதினேழு வயதுப் பெண்ணும் அந்தப் படையில் சேர விண்ணப்பித்திருக்கிறாள் கமா நாளைக் காலை பத்து மணிக்குள் அவள் அப்பா கையெழுத்துப் போட வேண்டும் முற்றுப்புள்ளி."

பேனா நின்றது.

"நில்லு, நில்லு" என்றார் அப்பா. தாளை மூக்கருகில் கொண்டுபோனார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். முகம் சிவந்தது. "அடப்பாவி!"

"அப்பா, நான் வந்து..."

"ஒரு முழு வரியை முழுங்கிட்டானே எழுத்துக் கோக்கற இந்த கம்பாசிட்டர்! மறுபடி வாசி. மெதுவா."

அவள் மறுபடி வாசித்தாள். வேறென்ன செய்வது? அப்பா 'வெற்றிகரமாக நடந்தது' என்பதற்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு, அங்கிருந்து ஓரத்துக்குக் கோடு இழுத்து, முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: இந்த வீட்டில் இருக்கும் பதினேழு வயதுப் பெண்ணும்...

"விண்ணப்பித்திருக்கிறாள், அப்புறம் கமாவா, அரைப்புள்ளியா?"

"கமா" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"மேல."

தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லியாகிவிட்டது. சொன்னது அவர் கையாலேயே எழுதவும் பட்டுவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை! உலகத்தில் வேறு எந்த வீட்டிலாவது இப்படி நடக்குமா? அவளுக்கு வந்த எரிச்சலில் பயம்கூடக் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. கேட்காத காதுக்கு என்ன சொன்னால் என்ன? அம்மாவிடம் சொல்லாததை, தோழியிடம் சொல்லாததை, கண்ணாடியிடம்கூடச் சொல்லாததை அவள் வாசித்தாள்:

"அவளுக்கு ஆழத் தண்ணீர் என்றால் உயிர் போகும் முற்றுப்புள்ளி நீச்சல் தேர்வில் ஆழமான பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு எண் எண்ணித்தான் கடந்தாள் கமா தேர்வாளர் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பித்தாள் கமா இது அவள் அம்மாவுக்கும் தெரியாது முற்றுப்புள்ளி."

"அதுவும் இல்லை!" அப்பா மேசையில் தட்டினார். "இன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டே கோத்திருக்கான். சொல்லு, சொல்லு."

அவள் சொன்னாள். அவர் எழுதினார். ஓரம் நிறைந்தது. தாளைத் திருப்பி மேல் ஓரத்துக்குப் போனார்.

மூன்றாவது வரிக்கு முன் ஒருமுறை இருமிக்கொண்டாள். "போனால் அப்பாவுக்கு யார் வாசிப்பார்கள் என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் முற்றுப்புள்ளி."

"பெரிய பயம்" என்று எழுதி, புள்ளி வைத்து, அப்பா நிமிர்ந்தார். "தொண்டை கட்டிடுச்சா? தண்ணி குடி. ஃபோர்மேன் வரட்டும், இன்னைக்கு இருக்கு அவனுக்கு."

நாலரைக்கு அம்மா வேலை முடிந்து வந்தாள். நனைந்த குடையைக் குளியலறையில் விரித்து வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து ஜாடையாகக் கூப்பிட்டாள். சின்னவள் போனாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்மா."

"ஐயோ. என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. எழுதிக்கிட்டாரு."

"எழுதிக்கிட்டாரா? எங்க?"

"ஓரத்துல."

அம்மா அவளையே பார்த்தாள். "எனக்கு ரெண்டு ஷிஃப்ட் முடிஞ்சு கால் கழண்டு விழுது. விடுகதை போடாதடி."

விளக்கிச் சொல்வதற்குள் வாசல் மணி அடித்தது. ஃபோர்மேன். ஐந்து மணிக்கு வருகிறேன் என்றவர் கால் மணி நேரம் முன்னாலேயே, மழைச்சட்டை சொட்டச் சொட்ட நின்றார்.

"திருத்தம் சார், அச்சு காத்துக்கிட்டு நிக்குது. முடிஞ்சதா?"

"முடிஞ்சதா? நீ உள்ள வா. ஒரே பக்கத்துல மூணு இடம் விட்டிருக்கான் உன் ஆளு. மூணு இடம்! சொல்லு விட்டாப் பொறுக்கலாம், எழுத்து விட்டாப் பொறுக்கலாம். வரி வரியா விழுங்கினா அவனுக்கென்ன வயிறா, கிடங்கா?"

"இருக்காதே சார். நானே ஒரு தடவை பார்த்தேனே."

"அப்ப நீயும் விழுங்கியிருக்க."

ஃபோர்மேன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். மேஜரின் பக்கத்தையும் வாங்கினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னவள் சமையலறை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஓடிவிடலாம். எங்கே? வெளியே மழை, செருப்பு ஃபோர்மேனுக்குப் பின்னால்.

"சார், மேஜருக்குப் பொண்ணு இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? அவர் வீட்டுக் கதை நமக்கெதுக்கு?"

"இல்ல, மூலத்துல இது எங்கயும் இல்லையே." ஃபோர்மேன் தாளைத் தள்ளிப் பிடித்து, கமாவும் புள்ளியும் இல்லாமல், கதை கேட்கிறவர்களுக்குச் சொல்வது போல வாசித்தார்: "இந்த வீட்டில் இருக்கும் பதினேழு வயதுப் பெண்ணும் அந்தப் படையில் சேர விண்ணப்பித்திருக்கிறாள். நாளைக் காலை பத்து மணிக்குள் அவள் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

ஃபோர்மேன் ஓடிய வண்டியை நிறுத்தத் தெரியாதவர் போல இரண்டாவதையும் வாசித்துவிட்டார். உயிர் போகும், கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவுக்கும் தெரியாது. மூன்றாவதை வாய்க்குள்ளேயே படித்தார். படித்துவிட்டு, தாளை அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியை மறுபடி போட்டு, தன் கையெழுத்தைத் தானே படித்தார். அந்த ஒரு வரிக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் சாதாரணமாக ஒரு பக்கம் முடித்துவிடுவார்.

முதலில் வெடித்தது அம்மா. "கண்ண மூடிக்கிட்டா நீந்தின? ஏன்டி, இது தெரிஞ்சா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா?"

"நீ போட்டுட்டியா?" என்றார் அப்பா அம்மாவிடம்.

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை!" பிறகு சின்னவளிடம் திரும்பினார். "இருபத்தாறு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். மூலத்துல இல்லாததை எனக்கு ஒருத்தரும் வாசிச்சதில்ல. உங்கண்ணன் தூங்கித் தூங்கி வாசிப்பான். அவன்கூட இப்படிச் செஞ்சதில்ல. இது அச்சாகியிருந்தா?"

இவ்வளவுக்கும் பிறகு அவர் கவலை அதுதானா! சின்னவளுக்குள் இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது மடை திறந்தது.

"வேற எப்படிச் சொல்றது உங்ககிட்ட? பல் தேய்க்கும்போது வந்தேன். பஸ்ஸுக்கு வந்தேன். காலையிலேர்ந்து மூணு தடவை வந்தேன். கமா போட்டாத்தானே உங்க காதுல விழும்? அதான் கமா போட்டுச் சொன்னேன். அப்பவும் விழலயே! எழுதறீங்க, அரைப்புள்ளியான்னு கேக்கறீங்க, தண்ணி குடிங்கறீங்க! நான் செவுத்துக்கிட்ட சொல்லியிருந்தா அதாவது ஈரமாகியிருக்கும்!"

ஃபோர்மேன் இருமினார். "சார், நான் வேணா வெளியில..."

"நீ இரு. தாள் இல்லாம எங்க போற?"

அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தாளை விரித்து, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். தான் எழுதிய முதல் வரியின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார். "இது உண்மையா?"

"உண்மை."

"விளையாட்டா போட்டதா, போகணும்னு போட்டதா?"

"போகணும்னு. எனக்கு எஞ்சின் வேலை நல்லா வரும்பா. அங்க மட்டும்தான் பொண்ணுங்களுக்கும் பெரிய எஞ்சின் சொல்லித் தர்றாங்க."

முதல் வரியை அடித்தார். பேனா இரண்டாவதுக்குப் போனது. "இது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும் உண்மை."

"இவ்வளவு பயம் இருந்தும் போகணுமா?"

"பயமாவும் இருக்கு. போகவும் வேணும். ரெண்டும் இருக்கு. ஒண்ணை அடிச்சிட்டு இன்னொண்ணை வெச்சுக்க முடியலப்பா."

பிறகு இரண்டாவதையும் அடித்தார். மூன்றாவதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தாள் கிழிகிற மாதிரி மூன்று தடவை கோடு போட்டார்.

"உனக்கு முன்னாடி உங்கண்ணனோட சேர்த்து எனக்கு நாலு பேரு வாசிச்சாங்க" என்றார் தாளைப் பார்த்தபடியே. "ஒருத்தர் ஒருத்தரா போனாங்க. நானே வாசிச்சுக்க மாட்டேனா, நான் என்ன கண்ணு தெரியாதவனா?" ஃபோர்மேனிடம் தாள்களை நீட்டினார். "உன் ஆளு ஒரு வரியும் விடல. நான் சொன்னேன்னு சொல்லிடு. 'சாக்கட்டி'யில மட்டும் ஒரு புள்ளி."

ஃபோர்மேன் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சுக்குள் செருகிக்கொண்டார். வாசலில் நின்று சின்னவளைப் பார்த்து, "எங்க மெஷின்ல பெல்ட் ஒண்ணு கத்துதும்மா, போறதுக்கு முன்னாடி வந்து பாரு" என்று சொல்லிவிட்டு, அந்த வரியையும் யாரும் அடிப்பதற்கு முன் இறங்கிப் போய்விட்டார்.

"படிவம் எங்க?" என்றார் அப்பா.

அவள் அகராதியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் படித்தார். ஒரு பிழையையும் திருத்தவில்லை. இருந்தது, அவளுக்குத் தெரியும், இரண்டாம் பக்கத்தில் ஒரு பெரிய பிழை இருந்தது. அதைத் தாண்டிப் போனார். மேசை டிராயரிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அப்பா பேனாவை வைக்கவில்லை. கீழே 'பெற்றோர் குறிப்பு ஏதேனும் இருப்பின்' என்ற கட்டத்தில் என்னவோ எழுதிக்கொண்டே இருந்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள். முத்து முத்தாக இருந்தது: இவளுக்கு ஆழத் தண்ணீரில் பயம் உண்டு. தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு நீந்தினாள். மறுபடி தேர்வு வைத்து, முறையாகப் பழக்கவும்.

"அப்பா!" அவள் கத்திய கத்தலில் மாடி வீட்டுக் கதவு திறந்தது. "என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? இதைப் பார்த்தா எடுப்பாங்களா? திருப்பி அனுப்பிடுவாங்க!"

"அனுப்பலாம்."

"வேற படிவம் கிடையாது! பேனாவுல வேற எழுதியிருக்கீங்க! அம்மா, பாரும்மா!"

அம்மா பார்த்தாள். படித்தாள். "எனக்கு இதுதான் சரின்னு படுது" என்றாள். இவளும் போய்ச் சேர்ந்தாளா அந்தப் பக்கம்!

"பொய்யா எழுதியிருக்கேன்?" என்றார் அப்பா.

"பொய்யில்ல. ஆனா அதை யாரு கேட்டா?"

"பதினோரு பேரு முழுகினாங்கன்னு நீதானே இன்னைக்கு வாசிச்ச? அவங்க வீட்ல ஒருத்தன் இதை எழுதிக் குடுத்திருந்தா பத்து பேரா போயிருக்கும்."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது உங்க காதுல விழுந்துச்சா?"

"இப்பதான் விழுது" என்றார் அப்பா. நீலப் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "வேணாம்னா அடிச்சுக்கோ. உன் படிவம். அடிச்சா பக்கத்துல உன் கையெழுத்துப் போடணும். யாரு அடிச்சாங்கன்னு தெரியணும். அவ்வளவுதான் சட்டம்."

அவள் பேனாவை எடுத்தாள். ஒரே கோடு. ஒரு நொடி வேலை. நாற்பது இடம், நானூறு பேர், அதில் தனக்குத் தண்ணீர் பயம் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு போகிற ஒரே முட்டாள் இவளாகத்தான் இருப்பாள். மறுபடி தேர்வு என்றால் மறுபடி அந்தக் குளம். இந்த முறை எல்லோரும் அவள் கண்ணையே பார்ப்பார்கள். முடியாது. பேனா முனை 'ஆழத்' என்ற சொல்லில் போய் நின்றது. அங்கேயே நின்றது. நீலமாக ஒரு சின்னப் பொட்டு விழுந்தது.

அடிக்க வரவில்லை. எவ்வளவோ கோபம் வந்தது, கை மட்டும் நகரவில்லை. குளத்தின் நடுவில் எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, யாராவது ஒரு ஆள் பார்த்துவிட மாட்டாரா என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வரியில்கூட அதை அவள் சொல்லவில்லை.

பேனாவை மூடித் தூக்கி எறிந்தாள். அது உருண்டு அப்பாவின் கையில் போய் நின்றது. "உங்களாலதான்" என்றாள். "திருப்பி அனுப்பினா உங்களாலதான். நான் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவேன்."

"சொல்லு. கேக்கறேன்."

"கேப்பீங்க, கேப்பீங்க!"

அப்படிக் கத்திக்கொண்டே படிவத்தை எடுத்து, மை கலைந்துவிடாமல், ஊதி ஊதிக் காய வைத்தாள்.

"ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கறாங்க?" என்று கேட்டார் அப்பா.

"ஒன்பது."

"எட்டுக்கே கிளம்பிடலாம்."

"கிளம்பலாமா? நீங்க எதுக்கு வர்றீங்க?"

"அந்தக் குறிப்பை அவன் ஒழுங்கா வாசிக்கிறானான்னு நான் பக்கத்துல நின்னு பார்க்க வேணாமா?"

"அம்மா!" என்று அலறினாள் சின்னவள். "இவரை வீட்டோட பிடிச்சு வைம்மா!"

அம்மா அதற்குள் அப்பாவின் வெளுத்த சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்திருந்தாள்.